நகரசபை ரேடியோ

ஒரு மனிதனின் சுபாவத்தை அறிய வேண்டுமானால் அவன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துப் பார்த்தால் போதும் என்று எனக்கு வெகுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. அரசியல்வாதி தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பாட்டுக்காரன் சுருதியைச் சரிபார்ப்பான். முன்னவருக்குச் சொல்ல வேண்டியது எப்போதும் தயாராக இருக்கும். பின்னவனுக்கோ, கேட்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கவலை. இந்த இரண்டு ஜாதிக்காரர்களையும் ஒரே மைக்கின் முன்னால் மாறி மாறி உட்கார வைத்த ரேடியோ நிலையம் ஒன்று நியூயார்க் நகரத்தில் இருந்தது. கோடீசுவரர் யாரும் அதை நடத்தவில்லை. தேசத்து அரசாங்கமும் நடத்தவில்லை. வீதி பெருக்குவதும் தண்ணீர் விடுவதும் எந்த நகராட்சியின் வேலையோ, அந்த நகராட்சியே நடத்தியது.

டபிள்யூ.என்.ஒய்.ஸி. என்ற அந்த நிலையம் 1924-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி பேச ஆரம்பித்தது. நகராட்சிக் கட்டிடத்தின் இருபத்தைந்தாவது மாடியில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். ஒலிபரப்பும் கருவி புதியது அல்ல. பிரேசில் நாட்டுக் கண்காட்சி ஒன்றில் வைத்திருந்த பழைய கருவியை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் சென்னையின் ஞாபகம் வந்தது. அதே 1924-ஆம் வருஷம், அதே ஜூலை மாதத்தின் கடைசி நாளில்தான் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் முதல் ஒலிபரப்பைச் செய்தது. மூன்று வருஷத்தில் பணமுடையால் அது நின்றது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளைக் கட்டி, காற்று வாங்க வந்த ஜனங்களுக்குச் சங்கீதம் கொடுத்தது. 1938 ஜூனில் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்ததும் அந்தக் காரியம் சர்க்காருக்குப் போய்விட்டது. நகரசபையின் கையில் அது எட்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது; அரசியல் சண்டையில் சிக்க அவகாசம் பெறவில்லை. நியூயார்க்கில் அவகாசம் இருந்தது. அதனால் சண்டையும் வந்தது.

முதல் சண்டையைத் தொடங்கியவர் அப்போதைய மேயர் ஜான் ஹைலன். பத்திரிகைகள் தம்மைத் தாக்குகின்றன என்பது அவர் குறை. நகரத்துப் பணத்தில் ஒரு ரேடியோ இருக்கும்போது பத்திரிகையைக் கெஞ்சுவானேன்? தம்முடைய விரோதிகளை அந்த மைக்கிலேயே திட்டித் தீர்த்தார். விஷயம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. பொதுச் சொத்தான ரேடியோவை மேயர் தம் சொந்தப் பிரசாரத்துக்கு உபயோகிக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. 1925-இல் கட்சித் தேர்தலில் ஹைலன் தோற்றுப்போனார். எவ்வளவு பேசியும் ஜெயிக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அடுத்து வந்த பெரிய பாத்திரம் பியோரெல்லோ லாகார்டியா. குள்ளமான உருவம், கீச்சுக் குரல், மூக்கின் மேல் கோபம். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது. 1933 தேர்தலில் நின்றபோது, இந்த ரேடியோ தண்டச் செலவு, இழுத்து மூடுவேன் என்று சொன்னவர் அவர். பதவிக்கு வந்ததும் மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்றை நியமித்தார். மூவரும் வியாபார ரேடியோக்காரர்கள். போட்டிக் கடையைப் பற்றி எதிர்க்கடைக்காரனிடம் யோசனை கேட்ட மாதிரிதான். ஆனால் அந்த மூவரும், நிலையம் இருக்கட்டும் என்றே எழுதிக் கொடுத்தார்கள். லாகார்டியாவும் மூடவில்லை.

மூடுவேன் என்றவரே பிறகு அந்த மைக்கின் பரம பக்தராகிவிட்டார். 1942 முதல் பதவிக்காலம் முடியும் வரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்களோடு பேசினார். யுத்த காலம், சாமான்களுக்குப் பஞ்சம். எந்தக் காய்கறி மலிவு, எந்த மீன் வாங்கலாம், எந்தக் கடைக்காரன் கூடுதல் விலை கேட்கிறான் என்றெல்லாம் வீட்டுப் பெரியவர் மாதிரி சொல்லிக் கொடுத்தார். சூதாட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் இன்னும் மேலே ஏறும். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகிக்கிறவர்கள் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படக்கதை இல்லாமல் குழந்தைகள் ஏங்குமே என்று மேயர் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, துப்பறியும் டிக் டிரேஸியின் கதையை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுத்துப் படித்துக் காட்டினார். அதன் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பார்த்தால், வாக்குச் சேகரிக்கிற மனிதர் என்று சொல்லத் தோன்றாது. தாத்தா பேரனுக்குக் கதை சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மேயர் எதிரே ஆள் இல்லை. குறுக்கே ஒரு கேள்வி கேட்க யாரும் இல்லை. அன்பாகப் பேசினாலும் அது தனிப்பேச்சுத்தான். அப்படியில்லாமல், உறுப்பினர்கள் மோதிக்கொள்வதையும் நகரம் ஒரு சமயம் கேட்டது. 1938-இல் புதிதாக அமைந்த நகர மன்றத்தின் கூட்டங்களை ரேடியோவில் அப்படியே விட்டார்கள். உறுப்பினர்களின் கூச்சலும் குத்தலும் வீட்டுக்கு வீடு கேட்டன. ஜனங்கள் நாடகம் மாதிரி ரசித்தார்கள். சில வருஷங்களுக்குள் மன்றமே அதை நிறுத்திவிட்டது. பேச்சில் வெட்கப்படவில்லை; அதைப் பிறர் கேட்டதில்தான் வெட்கம் வந்தது!

இனிப் பாட்டுக்காரர்களிடம் வருவோம்.

1940-இல் அந்த நிலையத்தில் ஹென்ரியெட்டா யுர்சென்கோ என்ற பெண்மணி நாடோடிப் பாடல் நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்தார். லெட்பெல்லி என்று ஊர் அழைத்த ஹட்டி லெட்பெட்டருக்கு அவர் வாரா வாரம் ஒரு நிகழ்ச்சி கொடுத்தார். லெட்பெல்லி கறுப்பர், பன்னிரண்டு நரம்புக் கித்தார் வாசிப்பவர், லூயிசியானாவின் அங்கோலாச் சிறையில் கிடந்து 1934-இல் வெளியே வந்தவர். அவர் மாதிரி ஒருவருக்கு அந்நாளில் வியாபார ரேடியோவில் தம் பெயரில் வாரம் ஒரு நிகழ்ச்சி கிடைப்பது எளிதா? நகரசபை மைக் கொடுத்தது. உடி கத்ரீயும் அங்கே வந்து பாடினார். பருத்திக் காட்டுப் பாட்டும் புழுதிப் புயல் பாட்டும் ஒரு பெரிய பட்டணத்தின் நகராட்சிக் கட்டிடத்திலிருந்து கேட்டன.

1945 டிசம்பரில், லாகார்டியாவின் பதவி முடியச் சில வாரங்களே இருந்தபோது, ஆஸ்கார் பிராண்ட் என்ற வாலிபர் வந்தார். கனடாவில் வின்னிபெக்கில் பிறந்தவர், வயது இருபத்தைந்து. யாரும் அதிகம் கேட்டிராத கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடுகிறேன் என்று எழுதிப் போட்டு இடம் பிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். 2016 செப்டம்பரில் இறக்கும் வரையில், எழுபது வருஷத்துக்கு மேலாக, அந்த நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். சம்பளம் ஒரு காசு கிடையாது. ஒப்பந்தக் காகிதம் என்று ஒன்று எழுதிக்கொண்டதும் கிடையாது. லாகார்டியாவிலிருந்து கணக்கிட்டால் பதினொரு மேயர்கள் வந்தார்கள், போனார்கள். பிராண்ட் கித்தாரோடு உட்கார்ந்திருந்தார்.

சம்பளம் இல்லாததிலே ஒரு பலம் இருந்தது. 1950-இல் பொதுவுடைமைச் சார்புள்ளவர்கள் என்று கலைஞர்களின் பெயரைப் பட்டியலிட்டு ஒரு பிரசுரம் வெளிவந்தது. பெயர் வந்தவனுக்கு வியாபார ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கதவு சாத்தப்பட்டது. பிராண்டின் பெயரும் அதில் இருந்தது. பீட் ஸீகர் பெயரும் இருந்தது. ஸீகர் 1955-இல் காங்கிரஸ் விசாரணைக் கமிட்டியின் முன் பதில் சொல்ல மறுத்து, 1961-இல் தண்டனை பெற்று, 1962-இல் மேல்கோர்ட்டில் தப்பினவர். இப்படிப்பட்டவர்களையெல்லாம் பிராண்ட் தம் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். விளம்பரக்காரன் இல்லாததால் அவனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சம்பளம் இல்லாததால் அதை வெட்டிவிடுவோம் என்று மிரட்டவும் வழியில்லை. இதில் வேடிக்கை, நாட்டில் அதிகாரம் எவரைக் கண்டு மிரண்டதோ அவர்கள் நகராட்சியின் சொந்தக் கட்டிடத்திலேயே உட்கார்ந்து பாடினார்கள்.

பாட்டுக்காரனெல்லாம் சத்தியசந்தன் என்று சொல்ல நான் வரவில்லை. 1961 அக்டோபர் 29-ஆம் தேதி, இருபது வயதுப் பையன் ஒருவன் தன் கச்சேரியைப் பற்றிச் சொல்ல பிராண்டிடம் வந்தான். நியூ மெக்ஸிகோவில் காலப் என்ற ஊரில் வளர்ந்தேன், பதின்மூன்று வயதில் திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றினேன் என்று கூசாமல் சொன்னான். அவன் வளர்ந்ததோ மினஸோட்டாவில், கடைக்காரர் ஒருவரின் வீட்டில், சௌக்கியமாக. அந்தப் பையன்தான் பாப் டிலன். பிராண்ட் மடக்கவில்லை, பாடு என்றார். ஆனால் பாட்டுக்காரன் சொன்ன பொய்யால் யாருக்கும் வரி ஏறவில்லை. அரசியல்வாதி சொன்னால் ஏறும். ஆகையால்தான் அவரை மடக்கிக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

கடைசியில் நகரம் அந்த ரேடியோவை விற்றுவிட்டது. 1995-இல் மேயர் ஜூலியானி விற்பனையை அறிவித்தார். நேயர்களின் நன்கொடையில் நடந்த அறக்கட்டளை ஒன்று, இரண்டு அலைவரிசைகளையும் 2 கோடி டாலருக்குத் தவணையில் வாங்கிக்கொண்டது. 1997 தொடக்கத்தில் கைமாறியது. நிலையம் பிழைத்தது, பிராண்டின் நிகழ்ச்சியும் பிழைத்தது. ஆனால் எழுபது வருஷத்துக்கு மேல் நகரத்தாருக்குப் பொதுவாயிருந்த சொத்து அவர்கள் கையை விட்டுப் போயிற்று.

நம் நாட்டிலும் சமுதாய வானொலி வந்திருக்கிறது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. கிராமத்துப் பெண்களின் நடவுப் பாட்டும் தாலாட்டும் அதில் கேட்கின்றன, மிகவும் சந்தோஷம். ஆனால் அந்த 2006-ஆம் வருஷத்து விதிகள் அரசியல் நிகழ்ச்சி கூடாது என்றன. ஹைலனைப் போன்றவர்களை எண்ணிச் செய்த ஏற்பாடு என்று வைத்துக்கொண்டால் அந்தப் பயம் நியாயமானதே. மருந்துதான் தவறு. ஹைலன் செய்த பிழை அரசியல் பேசியது அல்ல. எதிரே ஆள் இல்லாமல் பேசியது. குடிதண்ணீர் ஏன் வரவில்லை என்று வார்டு உறுப்பினரை அவர் வார்டுக் கிழவி ஒருத்தி மைக் முன்னால் உட்கார வைத்துக் கேட்கட்டுமே. அவர் பதில் சொல்லி முடித்த பிறகு அவளே ஒரு தெம்மாங்கும் பாடட்டும். கேட்கிற ஜனங்கள் இரண்டையும் தராசில் போட்டு நிறுத்துக்கொள்வார்கள். அந்தச் சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.