பன்னிரண்டு ஆண்டு நீண்ட அவசரம்

1942 செப்டம்பர் 1 அன்று பத்துமலைப் பக்கம் கூடிய மலாயா கம்யூனிஸ்டுத் தலைவர்களை ஜப்பானியப் படை வளைத்துச் சுட்டது. அது போர், அதில் யாருக்கும் ஐயமில்லை. ஜப்பானியரை எதிர்த்த அந்த இயக்கத்தின் சின் பெங்குக்குப் பிரிட்டன் பதக்கமே கொடுத்தது. ஆறே ஆண்டில் அவர்கள் துப்பாக்கி வெள்ளைக்காரர் பக்கம் திரும்பியபோது போர் என்ற பேச்சையே காணோம். 1948 ஜூனில் பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டதும் அரசு அறிவித்தது ‘எமர்ஜென்சி’. மலாயில் ‘டாருராட்’, தமிழில் ‘அவசரகாலம்’.

டாருராட் அரபு வழி வந்தது. தவிர்க்க முடியாத தேவை என்று பொருள். வடமொழி ‘அவசர’மோ ஏற்ற சமயம், வாய்ப்பு. தமிழில்தான் அதற்குப் பதற்றமும் வேகமும் ஏறின. மூன்று சொல்லிலும் சண்டை என்ற வாடையே இல்லை. ஆனால் இந்த ‘அவசரம்’ 1960 ஜூலை 31 வரை ஓடியது! நம் சட்டைப்பையில் இருக்கும் ஐசி அடையாள அட்டை அந்தக் காலத்தில் பிறந்ததுதான்.

ஏன் இந்தப் பெயர்? ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்பீடு லண்டனில் இருந்தது. போர் என்றால் இழப்பீடு கிடைக்காது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே கனமாகப் படுகிறது. போரில் பிடிபட்டவன் போர்க்கைதி. அவசரகாலத்தில் பிடிபட்டவன் வெறும் குற்றவாளி. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஆயுதம் வைத்திருந்ததாக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இதே பெயர்ச் சண்டை இப்போது கணினிக்குள் வந்திருக்கிறது, தலைகீழாக. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘நாட்பெட்யா’ கணினித் தாக்குதல் ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் மறு ஆண்டு குற்றஞ்சாட்டின. அதில் பாதிக்கப்பட்ட மெர்க் மருந்து நிறுவனம் ஏறத்தாழ 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. ‘இது போர்ச் செயல், தர மாட்டோம்’ என்றன காப்பீட்டு நிறுவனங்கள். அன்று போர் என்று சொல்லாததால் துரைமாருக்குப் பணம் என்கிறார்கள். இன்று போர் என்று சொன்னால் காப்பீட்டாளருக்கு லாபம். 2023இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை அந்தத் தீர்ப்புக்கு முன்பே உஷாராகிவிட்டது. ஒரு நாட்டின் இயக்கத்தையே முடக்கும் அரசு ஆதரவுத் தாக்குதலுக்கு இணையக் காப்பீட்டில் இடமில்லை என்று அதே ஆண்டு மார்ச் 31 முதல் விதி போட்டுவிட்டது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தொழில் நடத்துபவர்கள் இணையக் காப்பீடு எடுக்கும்போது, ‘போர்’ என்ற சொல்லுக்கு அந்தப் பாலிசி என்ன விளக்கம் தருகிறது என்று கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.