252 என்ற எண்ணுக்கு எந்த எழுத்து? ஜெர்மானிய உரைத்திருத்திகளும் பழைய தமிழ்க் கோப்புகளும்

வட்டில் இருக்கும் உரைக்கோப்பு எண்களின் வரிசை. அதில் 252 என்ற எண் வந்தால் அது எந்த எழுத்து என்று கோப்பு சொல்லாது. 1987இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8859-1 தரத்தின்படி படித்தால் அது ஜெர்மன் மொழியில் இரட்டைப்புள்ளி இட்டு எழுதும் உகரம். தமிழுக்கென உருவான திஸ்கி குறியாக்கத்தின்படி படித்தால் அதே எண் ‘ற்’. கோப்பைத் திறக்கும் உரைத்திருத்தி ஏதோ ஒன்றை ஊகித்துக்கொண்டுதான் திரையில் எழுத்தைக் காட்டுகிறது. அந்த ஊகம் யார் கையில் இருந்தது, கையிலிருந்து கைக்கு எப்படி மாறியது என்பதற்கு ஜெர்மனியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. பழைய தமிழ்க் கோப்புகளின் கதியும் அந்த வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

தொடக்கத்தில் ஊகம் சாதனத்தின் கையில் இருந்தது. 1974இல் வந்த டின் 66003 என்ற ஜெர்மன் தரம் ஏழு பிட்டுக்குள், அதாவது 128 இடங்களுக்குள், தன் மொழியை அடக்க வேண்டியிருந்தது. இரட்டைப்புள்ளி எழுத்துகளான உம்லவுட்களுக்குக் காலி இடம் இல்லை. அமெரிக்கத் தரத்தில் சதுர அடைப்பு, சுருள் அடைப்பு, சாய்கோடு, நேர்கோடு ஆகியவை இருந்த இடங்களை எடுத்து அந்த எழுத்துகளுக்குக் கொடுத்தார்கள். இதனால் ‘சி’ மொழியில் எழுதிய நிரலை ஜெர்மன் முனையத்தில் திறந்தால் ஒவ்வொரு செயற்கூறும் ஓர் உம்லவுட்டில் தொடங்கி இன்னொன்றில் முடிந்தது. நிரலாளர்கள் அவற்றை அடைப்புக்குறிகளாகவே படிக்கக் கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. இது ஜெர்மனிக்கு மட்டும் நேர்ந்ததல்ல, டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளிலும் இதே தொல்லைதான். 1989இல் ‘சி’ மொழி அமெரிக்கத் தரமானபோது, அடைப்புக்குறிக்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறியும் ஒரு குறியும் சேர்த்து எழுதலாம் என்று விதி சேர்த்ததற்கு இதுவே காரணம். அந்தக் காலத்தில் உரைத்திருத்தியில் மாற்றுவதற்கு எந்த அமைப்பும் இல்லை. முனையம் எந்த நாட்டுக்குச் செய்யப்பட்டதோ அந்த நாட்டு எழுத்துதான் திரையில் வரும்.

எட்டு பிட்டு வந்ததும் இடம் பெருகியது, குழப்பமும் பெருகியது. அதே ஜெர்மன் உகரம் டாஸ் கணினியில் 129, விண்டோஸிலும் யூனிக்ஸிலும் 252. ஒரே மேசைமேல் இருந்த இரண்டு கணினிகள் ஒரே கடிதத்தை இரண்டு விதமாகக் காட்டின. ஊகத்தைப் பயனரே செய்யட்டும் என்று உரைத்திருத்திகள் குறியாக்கத்துக்கென ஒரு பட்டியைத் திறந்துவைத்தது இந்த நெருக்கடியில்தான்.

இந்தியவியல் அறிஞர்களுக்கு இது இன்னும் கடுமையான பிரச்சினை. 2001இல் தொடங்கிய கோட்டிங்கன் மின்னுரைத் தொகுப்பை ரைன்ஹோல்ட் குரூனெண்டால் பராமரித்தார். இந்திய மொழி நூல்களைத் திரட்டிய அந்தத் தொகுப்பு ஒரே நூலைப் பல குறியாக்கங்களில் தனித்தனிக் கோப்புகளாக வைத்தது. அவற்றுள் ஒன்று ஹாம்பர்க் பேராசிரியர் ரொனால்டு எம்மெரிக்கின் பெயரின் முதலெழுத்துகளால் அறியப்பட்ட குறியாக்கம், இன்னொன்று யூ.டி.எஃப்-8. வாசகர் தம் திருத்திக்கு ஏற்ற கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். கொலோன் பல்கலைக்கழக இந்தியவியல், தமிழாய்வு நிறுவனம் வேறு வழியில் போயிற்று. தாமஸ் மால்டன் முன்னின்று நடத்திய இணையத் தமிழ் அகராதிப் பணியில் சொற்கள் ஏழு பிட்டுக்குள் அடங்கும் ரோமன் எழுத்துபெயர்ப்பில் பதிவாயின. எந்தக் கணினியின் எந்தத் திருத்தியில் திறந்தாலும் அவை கெடாது. தமிழ் எழுத்தைத் துறந்து தமிழ்ச் சொல்லைக் காத்த வழி அது. அன்றைய நிலையில் மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தமிழ் எழுத்திலேயே கோப்பு வேண்டும் என்றவர்களுக்கு, 1990களின் இறுதியில் மின்னஞ்சல் விவாதங்களில் உருவான திஸ்கி இருந்தது. கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் போன்றோர் அதில் பங்கேற்றார்கள். தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல முதலில் திஸ்கியில்தான் வந்தன. திஸ்கியில் ‘தமிழ்’ என்ற சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்கள். அதை ஐரோப்பியத் தரத்தில் திறந்தால் முக்கால் என்னும் பின்னக் குறி, கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்து, சென்ட் நாணயக் குறி, கோடு போட்ட இன்னொரு எழுத்து என வரும். 2000களில் தமிழ் மின்னஞ்சல் படித்த எவருக்கும் அந்தக் கோலம் நினைவிருக்கும்.

இந்தக் கோலத்துக்குத் திருத்தியிலேயே ஒரு வழி பிறந்த கதை டூபிங்கன் நகரில் தொடங்குகிறது. அங்கே மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபர் 14 அன்று கே.டி.இ. என்ற மேசைச்சூழல் திட்டத்தை அறிவித்தார். நார்வே நிறுவனம் ஒன்றின் க்யூட் என்ற கருவித்தொகுப்பின் மேல் அது கட்டப்பட்டது. கிறிஸ்டோஃப் குல்மன் தொடங்கிய கேட் உரைத்திருத்தி 2001இல் கே.டி.இ. 2.2 பதிப்போடு வெளியாயிற்று. அதே காலத்தில் ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர் க்யூட்டுக்குத் திஸ்கி மாற்றியை எழுதிக் கொடுத்தார். இதன் விளைவாகக் கேட்டின் குறியாக்கப் பட்டியில் ஜப்பான், கொரியா, தாய்லாந்து மொழிகளின் வரிசையில் தமிழ் என்ற தலைப்பும் அதன்கீழ் திஸ்கியும் இடம் பெற்றன. 2002இல் ஜெர்மானியரான புரூனோ ஹைபிள லினக்ஸின் அடிப்படை ‘சி’ நூலகத்திலும் திஸ்கி மாற்றியைச் சேர்த்தார். தமிழ் பேசாத இருவர் செய்த இந்த வேலை நம் கணினி வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை.

அது எளிய வேலையும் அல்ல. திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று எண்கள். எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் ககரம் முன்னே, ஒகரக்குறி பின்னே. எனவே மாற்றி கொம்பைக் கண்டதும் எழுதிவிடக்கூடாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த மெய்க்குக் காத்திருக்க வேண்டும், அதன்பின் கால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹைபிளவின் மாற்றி இந்தக் காத்திருப்பைத் தனி நிலைகளாகவே பதிந்து வைக்கிறது.

பட்டியில் இடம் கிடைத்தது. ஆனால் பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது திருத்தி எதை ஊகிக்கும்? 1999இல் யூரோ நாணயம் வந்ததும், அதன் குறிக்காக ஐ.எஸ்.ஓ. 8859-15 என்ற திருத்திய தரம் வெளியாயிற்று. பழைய தரத்திலிருந்து எட்டே இடங்கள் மாறின: 164, 166, 168, 180, 184, 188, 189, 190. இந்த எட்டையும் திஸ்கி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எட்டுமே தமிழ் எழுத்துகளின் இடங்கள். வரிசைப்படி உகரக் குறி, ஒற்றைக்கொம்பு, ஐகாரக் குறி, ஒ, க, ட, ண, த. ஒற்றைக்கொம்பும் ககரமும் தகரமும் இல்லாத தமிழ் வரி அரிது. ஆகவே அதே திஸ்கிக் கோப்பு இந்தப் புதிய தரத்தைப் பின்பற்றிய ஐரோப்பியக் கணினியில் முன்பு கண்ட கோலத்திலிருந்தும் மாறி வேறொரு கோலத்தில் தெரிந்தது. சிதைந்த எழுத்தைக் கண்ணால் பார்த்தே ‘இது திஸ்கி’ என்று அடையாளம் கண்டவர்களுக்கு அந்த அடையாளமும் குலைந்தது.

ஊகத்தைக் கோப்பிடமே ஒப்படைக்கும் முயற்சியும் நடந்தது. பைத்தான் மொழிக்காக மார்க்-ஆந்த்ரே லெம்பர்க், மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்ற இரு ஜெர்மானியர் 2001இல் ஒரு முன்மொழிவை எழுதினார்கள். கோப்பின் முதல் இரண்டு வரிக்குள் தன் குறியாக்கத்தை ஒரு குறிப்புரையாக அறிவிக்க வேண்டும் என்பது அது. 2003இல் பைத்தான் 2.3இல் நடைமுறைக்கு வந்தது. ஈமேக்ஸ், விம் திருத்திகள் ஏற்கெனவே படித்துவந்த வடிவத்தையே அவர்கள் எடுத்துக்கொண்டதால், மொழிக்கும் திருத்திக்கும் ஒரே வரி போதுமாயிற்று. நிரல்களுக்கு இது நல்ல தீர்வு. தட்டச்சு செய்து வைத்த இலக்கியக் கோப்புகளில் அப்படி ஒரு வரியை யாரும் எழுதி வைக்கவில்லை.

உண்மையான திருப்பம் யூ.டி.எஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வகுத்த இந்தக் குறியாக்கத்தை லினக்ஸ் உலகில் பரப்பியதில், எர்லாங்கனில் பயின்ற மார்க்குஸ் கூனின் 1999ஆம் ஆண்டுக் கையேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நியூரம்பெர்க்கின் சூசே நிறுவனம் 2004இல் 9.1 பதிப்பில் இதை இயல்பு அமைப்பாக்கியது. எல்லா மொழி எழுத்தும் இதில் அடங்கும் என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. கோப்பைத் திறப்பவர் பார்வையில் அதைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு: இந்தக் குறியாக்கத்துக்கு மறுக்கத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 8859 எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிடும். யூ.டி.எஃப்-8இல் 128 முதல் 191 வரையிலான எண்கள் ஓர் எழுத்தின் தொடர்ச்சியாக மட்டுமே வரலாம். திஸ்கியின் ‘தமிழ்’ 190இல் தொடங்குகிறது, முதல் எண்ணிலேயே அது செல்லாது. ஜெர்மன் உகரத்தின் 252 யூ.டி.எஃப்-8இல் எங்குமே வரக்கூடாத எண்.

கேட் இந்தப் பண்பின்மேல் தன் திறக்கும் முறையை அமைத்தது. முதலில் அமைப்பில் குறித்த குறியாக்கத்தால், பெரும்பாலும் யூ.டி.எஃப்-8ஆல், படித்துப் பார்க்கும். பிழை வந்தால் கோப்பின் தலையில் யூனிகோடு அடையாளம் இருக்கிறதா என்று தேடும், எழுத்துகளின் போக்கை வைத்துக் கணிக்கும். அதுவும் தோற்றால் ‘மாற்றுக் குறியாக்கம்’ என்ற அமைப்பிடம் போகும். எல்லாம் தோற்றால் முதல் குறியாக்கத்திலேயே வலிந்து திறந்து, கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி, சேமித்தால் உள்ளடக்கம் அழியக்கூடும் என்று எச்சரிக்கும். செல்லாத எண்களுக்குப் பதிலாக ஒரு பொதுக்குறி இடப்பட்ட நிலையில் சேமித்துவிட்டால் மூலத்தை மீட்க வழியே இல்லை. எனவே இந்தப் பூட்டை மேசைக்கணினி மென்பொருளில் மிக அருமையான ஏற்பாடுகளுள் ஒன்றாக மதிக்கிறேன்.

திஸ்கிக் கோப்பு பெரும்பாலும் அந்தப் பூட்டுவரை போவதில்லை. மாற்றுக் குறியாக்கத்தின் இயல்பு மதிப்பு ஐ.எஸ்.ஓ. 8859-15. மறுக்கத் தெரியாத தரம் அது. ஜெர்மன் பயனரின் பழைய கடிதங்களுக்கு அது சரியான தேர்வுதான். தமிழ்க் கோப்பையோ எந்தத் தடையும் சொல்லாமல் உள்ளே விட்டு, ரோமன் கோலமாகக் காட்டிவிடும். அப்படியே சேமித்தால் எண்கள் மாறாது, கோப்பு பிழைக்கும். அதன் நடுவே யூனிகோடில் ஒரு தமிழ் வரி சேர்த்துச் சேமிக்கும்போதுதான், இந்தக் குறியாக்கத்தால் எல்லா எழுத்தையும் எழுத முடியாது என்று திருத்தி எச்சரிக்கிறது. பயனர் சரியென்று யூ.டி.எஃப்-8க்கு மாறினால் பழைய வரிகளின் ரோமன் கோலம் கோப்பில் நிலையாகப் பதிந்துவிடும். பட்டியில் திஸ்கி உள்ள பதிப்புகளில், பழைய தமிழ்க் கோப்புகளோடு புழங்குபவர் அந்த ஒற்றை அமைப்பில் 8859-15ஐ எடுத்துவிட்டுத் திஸ்கியை வைத்தால் போதும். யூ.டி.எஃப்-8இல் தேறாத கோப்பு நேராகத் தமிழாகத் திறக்கும்.

இந்த வழியும் குறுகி வருகிறது.  2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. புதிய திஸ்கிக் கோப்புகள் உருவாவது பெரும்பாலும் நின்றுபோனது. 2020 டிசம்பரில் வந்த க்யூட் 6 பழைய குறியாக்கங்களை மையப் பகுதியிலிருந்து விலக்கி, பழைய நிரல்களுக்கான துணை நூலகம் ஒன்றுக்கு மாற்றியது. புதிய பதிப்பின் மேல் எழுதப்படும் திருத்திகளின் பட்டியில் திஸ்கி இருக்கும் என்று இனி எதிர்பார்க்க முடியாது. ‘சி’ நூலகத்தில் ஹைபிள சேர்த்த மாற்றி இன்னும் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் ‘ஐகான்வ்’ என்ற கட்டளைக்கு மூலக் குறியாக்கமாகத் திஸ்கியையும் இலக்காக யூ.டி.எஃப்-8ஐயும் கொடுத்தால், ஒரு நூல் முழுவதும் நொடிப்பொழுதில் மாறிவிடும். மாற்றிய பிரதியில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் இடங்களைச் சரிபார்த்து, மூலக் கோப்பையும் அழிக்காமல் அருகிலேயே வைத்திருக்க வேண்டும்.