இறால் ஓடும் என் கடைவாய்ப் பல்லும்



போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை. மருத்துவர் பல் இருந்த குழியில் வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஒன்றை வைத்து அழுத்தினார். சில நிமிடங்களில் ரத்தம் நின்றது. என்னவென்று கேட்டேன். "கைட்டோசான் சார், இறால் ஓட்டிலிருந்து எடுப்பது" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும், "இத்தனை வருஷ சைவம் போச்சு" என்றாள் மனைவி.

வகுப்பில் கைட்டினை நான் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: பூச்சிகளின் மேலோடு கைட்டினால் ஆனது. "மனுஷனுக்கு அதனால் என்ன சார் பயன்?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். "பரீட்சைக்குப் பயன், உட்கார்" என்றேன். அவன் இதைப் படித்தால், தாமதமாக வந்த பதில் இதுதான்.

1811-ல் பிரான்சின் நான்சி நகரத்தில் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த பிரக்கொனோ, காளானிலிருந்து இந்தப் பொருளை முதலில் பிரித்தார். 1823-ல் ஓதியே என்பவர் வண்டின் இறக்கை மூடியில் அதே பொருளைக் கண்டு, மேலங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைட்டின் என்று பெயர் வைத்தார். ஆனால் அதில் நைட்ரஜன் இல்லை என்று நினைத்துவிட்டார். இருப்பதை 1843-ல் லசேன் காட்டினார். இந்த நைட்ரஜனை மறந்துவிடாதீர்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

1859-ல் ரூஜே கைட்டினைக் கடுமையான காரத்தில் கொதிக்கவைத்தார். எதிலும் எளிதில் கரையாத ஓடு, மென்மையான அமிலத்தில் கரையும் பொருளாக மாறியது. 1894-ல் ஜெர்மானியர் ஹோப்பே-சைலர் அதற்குக் கைட்டோசான் என்று பெயரிட்டார். அதன்பிறகு மருத்துவம் அதைப் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவே பல பத்தாண்டுகள் ஆயின.

காரம் என்ன செய்தது? நைட்ரஜனை மூடியிருந்த அசெட்டைல் தொகுதிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டது. வெளிப்பட்ட அமினோ தொகுதி அமிலத்தில் நேர்மின்சுமை பெறும். நம் சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்சுமை உடையது. இரண்டும் ஒட்டிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. உடலின் உறைதல் காரணிகளுக்காகக் காத்திருப்பதில்லை. அதனால்தான் என்னைப் போன்ற மாத்திரைக்காரர்களுக்கும் வேலை செய்கிறது. 2002-ல் அமெரிக்காவில் 'ஹெம்கான்' என்ற கைட்டோசான் கட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்டது. போர் வந்தால்தான் சில கண்டுபிடிப்புகளுக்கு அவசரம் வருகிறது, என்ன செய்ய!

திசுப் பொறியியலில் இதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். கைட்டோசான் கரைசலை உறையவைத்துப் பனிக்கட்டியை ஆவியாக்கினால், பனி இருந்த இடமெல்லாம் நுண்துளைகள். வீடு கட்டச் சாரம் கட்டுவது போல, செல்கள் உள்ளே புகுந்து வளர இடம் கிடைக்கும். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள லைசோசைம் என்ற நொதி பிறகு மெல்ல மெல்லச் சாரத்தைக் கரைத்துவிடும். முழங்கால் குருத்தெலும்பில் பள்ளம் விழுந்தவர்களுக்கு, அவர்களது ரத்தத்தோடே கைட்டோசானைக் கலந்து நிரப்பும் முறையைக் கனடாவின் மாண்ட்ரியலில் உருவாக்கினார்கள்.

உறவுகளில் ரத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் உண்டு. பல் பிடுங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். இப்போது காளானிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள். மனைவியிடம் சொன்னேன். "அடுத்த பல்லுக்கு அதைக் கேளுங்க" என்கிறாள்.