மாண்ட்கோமரி மெக்ஸும் ஆர்லிங்டன் கல்லறைகளும்
1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதியவர்கள் கிராண்ட், ஷெர்மன், லீ ஆகிய தளபதிகளின் போர்க்களங்களையே பெரிதும் சுற்றி வந்ததால், வடபுலப் படையின் தளவாடத் தலைவரான மாண்ட்கோமரி மெக்ஸ் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டார். 1816இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்த அவர், 1836இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிப் பொறியாளர் பிரிவில் பணியாற்றினார். மறு ஆண்டு மிசிசிப்பி ஆற்றுப் பணியில் அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர், பின்னாளில் எதிரணியை நடத்திய அதே ராபர்ட் லீ. வாஷிங்டனுக்குக் குடிநீர் கொணரும் கால்வாய்த் திட்டத்தில் மெக்ஸ் எழுப்பிய கேபின் ஜான் பாலம் 220 அடியை ஒரே கல்வளைவால் கடக்கிறது. அதில் பொறித்திருந்த ஜெபர்சன் டேவிஸின் பெயர், அவர் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அதிபரான பின்னர், 1862இல் செதுக்கி எடுக்கப்பட்டது.

1861 மே மாதத்தில் மெக்ஸ் ஏற்ற குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் பதவி என்பது படைக்கு வேண்டிய உடை, காலணி, கூடாரம், குதிரை, வண்டி, தீவனம், கப்பல் ஆகியவற்றைக் கொள்முதல் செய்து உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் பொறுப்பாகும் (உணவு வழங்கல் வேறொரு துறையைச் சார்ந்தது). போரின் தொடக்கத்தில் பழங்கந்தலைப் பிய்த்து அழுத்திச் செய்த ‘ஷாடி’ எனும் மட்டத் துணியாலான சீருடைகள் மழையில் நைந்துபோன நிலையிலிருந்து, 1865 ஜனவரியில் சவானா துறைமுகத்திற்கு அவரே நேரில் சென்று ஷெர்மனின் படைக்குத் தேவையானவற்றை ஒழுங்குசெய்யும் நிலை வரை அத்துறை வளர்ந்தது.

மாண்ட வீரர்களைப் புதைப்பதும் இதே துறையின் வேலை. தலைநகரின் இடுகாடுகள் நிரம்பிவிடவே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் லீயின் மனைவிக்கு உரியதாயிருந்து அரசின் வசமான ஆர்லிங்டன் தோட்டத்தை 1864 ஜூனில் மெக்ஸ் பரிந்துரைத்தார். அத்துடன் நில்லாமல், அக்குடும்பம் திரும்பி வந்து குடியேற இயலாதபடி வீட்டை ஒட்டிய ரோஜாத் தோட்டத்தின் ஓரத்திலேயே சடலங்களைப் புதைக்கச் செய்தார். பெயர் தெரியாத 2,111 பேரின் எலும்புகளை வைத்து 1866இல் மூடிய கல்லறையும் அந்த ரோஜாத் தோட்டத்தின் அருகேதான் அமைந்தது. மகனை இழந்த தந்தையின் பழிவாங்கல் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பரிந்துரை 1864 ஜூனிலும் மகன் ஜானின் மரணம் அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாளிலும் நிகழ்ந்தமையால், உறுதிமொழியை மீறி எதிரணி சேர்ந்த பழைய மேலதிகாரியின் மீதான சினமே முந்தியது எனக் கொள்ள வேண்டும்.

வெஸ்ட் பாயிண்டில் முதலிடம் பெற்ற 22 வயது ஜான், வர்ஜீனியாவின் டேட்டன் ஊருக்கு அருகே எதிரணிக் குதிரை வீரர்களால் சுடப்பட்டான். அது நேரான சண்டை அன்று, கொலையே என்று மெக்ஸ் இறுதிவரை நம்பினார். 1882இல் ஓய்வுபெற்று 1892இல் மறைந்த அவரது கல்லறை ஆர்லிங்டனில் உள்ளது. அதன் அருகே, சேற்றுச் சாலையில் மல்லாந்து கிடக்கும் மகனின் சிறிய வெண்கல உருவம் இருக்கிறது; உடலைச் சுற்றிக் குதிரைக் குளம்புகளின் தடங்களும் வார்க்கப்பட்டுள்ளன.