ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள்

திருப்பூரில் காலத்தை மாதக்கணக்கில் யாரும் எண்ணுவதில்லை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். வீட்டு வாடகை, சுயஉதவிக் குழுத் தவணை, மளிகைப் பாக்கி எல்லாம் சனிக்கிழமையைப் பார்த்தே நிற்கும்.

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் ஒரு பெண், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள், இந்த முறை நீட் எழுதினாள். தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. இன்னொரு வருடம் படித்தால் கிடைத்துவிடும் என்று படிப்பகத்தில் எல்லோரும் சொன்னோம். அவளுடைய அம்மா செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். நாங்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு வருசம்னா ஐம்பத்திரண்டு சனிக்கிழமைங்க தம்பி” என்றார்.

நீட் எதிர்ப்புக் கூட்டங்களில் எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். அந்த அம்மா போட்ட கணக்கை யாரும் மேடையில் போட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய இந்த நாடு நம்மிடம் எதையெல்லாம் கேட்டிருக்கிறது என்பதை 1950இலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

செண்பகம் துரைராஜன் வழக்கைக் கேள்விப்படாத தோழர்கள் இருக்கமாட்டீர்கள். ஆனால் அதன் எண்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அன்றைய சென்னை மாகாணம் ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் சேர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகள் மொத்தம் நான்கு: சென்னையில் இரண்டு, விசாகப்பட்டினத்தில் ஒன்று, குண்டூரில் ஒன்று. நான்கிலும் சேர்த்து 330 இடங்கள். வெளிமாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்பத்துக்கு 12 போக, மீதி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1.

இதை நிறுத்திப் படியுங்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதமாக இருந்த பிராமணர்களுக்கு 14இல் 2. அவர்களைவிடப் பல மடங்கு பெரிய மக்கள்தொகை கொண்ட சேரிகளுக்கும் 14இல் 2. அதாவது மாகாணம் முழுமைக்கும் ஆளுக்கு 43 இடம்போல. இந்தச் சமத்துவத்தைத்தான் பாகுபாடு என்று சொல்லி நீதிமன்றம் போனார்கள். இந்த இரண்டும்கூட நமக்குச் சும்மா வரவில்லை. 1928இல் எஸ். முத்தையா முதலியார் அரசு வேலைகளில் நடைமுறைப்படுத்திய ஆணையில், 12 இடத்தில் பிராமணர்களுக்கு 2, நமக்கு 1 என்றுதான் இருந்தது.

செண்பகம் துரைராஜன் அந்த ஆண்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தபோது பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அவருடைய வழக்கோடு சேர்ந்து வந்த சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். அவருக்காக வாதாடியவர் அரசியல் சட்ட வரைவுக்குழு உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அரசாணையைச் செல்லாததாக்கியது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். விண்ணப்பிக்காத ஒருவரின் குறை அரசியல் சட்டப் பிரச்சினையானது. விண்ணப்பப் படிவம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த லட்சக்கணக்கானவர்களின் குறை எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

பெரியார் தெருவில் இறங்கினார், தமிழகம் கொந்தளித்தது, முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இந்தக் கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம். ஆனால் அன்றைக்குச் சட்ட அமைச்சராக இருந்து, நாடாளுமன்றத்தில் அந்தத் தீர்ப்புகளை விமர்சித்து, திருத்தத்துக்காக வாதாடியவர் அம்பேத்கர் என்பதைப் பல மேடைகளில் விழுங்கிவிடுகிறார்கள். திருத்தத்துக்குப் பிறகு சென்னை அரசு ஒதுக்கியது பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 15 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 25. பிறகு நம் பங்கு 16 ஆனது. 1971இல் 18 ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் 20 சதவீதம். ஒதுக்கீடு 18இலேயே நிற்கிறது.

இடம் காகிதத்தில் வந்துவிட்டது, வாசலில் என்ன நடந்தது? 1970இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பெரியகருப்பன் வழக்கு அதைக் காட்டுகிறது. அப்போது தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்கு 75 மதிப்பெண். எதற்கெல்லாம் மதிப்பெண் என்ற தலைப்புகளைப் பாருங்கள்: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவைகள், உடல் நிலையும் தாங்குதிறனும், பொதுத் திறன், மருத்துவத்துக்கான நாட்டம். தேர்வுக் குழுக்கள் தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக மதிப்பெண் போட்டதை நீதிமன்றம் கண்டித்தது. அந்த ஆண்டுகளில் அவிநாசிப் பக்கமோ பல்லடம் பக்கமோ ஒரு அருந்ததியர் வளவிலிருந்து பையன் ஒருவன் பள்ளி இறுதிவரை வந்துவிட்டால் அதுவே பெரிது. அவன் என்.சி.சி. சீருடைக்கு எங்கே போவான்? செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாத காலத்தில், பெரிய மனிதர்களுக்கு முன்னால் உட்கார்ந்து ‘நாட்டம்’ காட்ட வேண்டுமாம். இதற்கும் பெயர் தகுதிதான்.

கோவை மருத்துவக் கல்லூரியே 1966இல்தான் வந்தது. அதுவரை கொங்கு நாட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் ஊரைவிட்டுப் போகும் வசதி வேண்டும். மருத்துவம் நமக்குத் தெரியாத தொழில் என்று யாராவது சொன்னால் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நினைவூட்டுங்கள். பிரசவம் பார்த்த கிழவிகள் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று அவரவர் ஊரில் கேட்டுப் பாருங்கள். கை வைத்தியம் செய்ய நம் ஆட்கள் வேண்டும், பட்டம் வாங்க மட்டும் நாட்டம் போதாது.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. பயிற்சி மையங்கள் முளைத்தன. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2006இல் கலைஞர் அரசு கொண்டுவந்த சட்டம் நுழைவுத் தேர்வை ஒழித்தது. அதன்பின் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்தான். அந்தப் பத்தாண்டுகளைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அந்த வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்போதும் சொற்பமாகத்தான் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. முதல் முறையிலேயே உள்ளே போனவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. ஒரு பெண் பதினேழு வயதில் நன்றாகப் படித்தால் பதினேழு வயதிலேயே அதற்குப் பலன் கிடைத்தது.

குழுமூர் அனிதா அப்படித்தான் படித்தார். 1,200க்கு 1,176. பழைய முறையில் கட்ஆஃப் 196.75. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 2019 ஜூனில் நீட் முடிவு வந்த நாளில் நம் திருப்பூரிலும் ஒரு மாணவியை இழந்தோம். இந்த மரணங்களை வீரமாக்கிப் பேசும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவு வரும் வாரத்தில் படிப்பகத்துப் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். சுவரொட்டி அடிப்பதைவிட அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பது முக்கியம்.

நீட் என்ன மாற்றியது என்பதற்கு நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்து மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அது 71.42 சதவீதம். பாடத்திட்டம், தமிழ்வழி, பயிற்சிக் கட்டணம் என்று நாம் பேசுவதெல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இந்த 71தான் நெஞ்சில் நிற்கிறது. இன்று மருத்துவ இடத்தின் விலையில் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம், சேர்ந்திருக்கிறது. பதினெட்டு வயதில் சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் வருடம்.

திருப்பூரில் பதினெட்டு வயதுக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். கைமடியாகச் சேர்ந்தால் ஒரு கூலி, ஓவர்லாக் பழகினால் ஒரு கூலி, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இன்னொரு கூலி. இந்த வட்டாரத்து நூற்பாலைகள் ஏழைப் பெண்களின் வருடங்களை மொத்தமாகவே விலை பேசியவை. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, தென்மாவட்டங்களிலிருந்து பெண்களைக் கூட்டிவந்து, மூன்று வருடம் மில் விடுதியில் பூட்டி வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு 30,000, 50,000 என்று கையில் கொடுப்பார்கள். இடையில் நின்றால் அதுவும் இல்லை. அவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். ஒரு சாதியின் பெண்ணுக்கு மூன்று வருடம் பயிற்சி மைய விடுதி. இன்னொரு சாதியின் பெண்ணுக்கு மூன்று வருடம் மில் விடுதி. இரண்டிலும் சுவர் உயரம்தான், செல்போன் கிடையாதுதான். வெளியே வரும்போது ஒருத்தி டாக்டருக்குப் படிக்கப் போகிறாள்.

போராடிப் பெற்றவையும் உண்டு. அவற்றைத் தெரியாமல் விட்டுவிடக் கூடாது. 2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 18க்குள் 3 சதவீதத்தை உறுதி செய்தது. கொங்கு மண்டலத்துக்கு அதன் அருமை தெரியும். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் வந்தது. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்க, அக்டோபர் கடைசியில் எடப்பாடி பழனிசாமி அரசு அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாளே ஆளுநரும் ஒப்புதல் கொடுத்தார். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதற்குள்ளும் எஸ்.சி., எஸ்.சி.ஏ. சுழற்சி உண்டு. கட்டணம் அரசு கட்டும். ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போய் ஏழில் திரும்பி வந்தவர்கள் இந்த வாசலில் நின்றுவிடுகிறார்கள், ஆகவே இப்போதே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் திருப்பூரிலேயே இருக்கிறது.

நீட்டே வேண்டாம் என்று 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். அந்தப் போராட்டம் தொடரும். அதுவரை நம் பிள்ளைகளின் வருடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

திருப்பூரில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு வாசலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், சென்னை கே.கே. நகர் கல்லூரி உட்பட, காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. நீட் எழுத வேண்டும்தான். ஆனால் அங்கே போட்டி தொழிலாளர் பிள்ளைகளுக்குள்தான். அகில இந்தியக் கலந்தாய்வில் அந்த இடங்களை நிரப்புகிறார்கள். தொழிலாளியின் வாரிசு என்று இ.எஸ்.ஐ. கழகத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தக் காப்பீட்டின் வரலாறும் நமக்கு அந்நியமில்லை. 1943இல் அதற்கான திட்டத்தை வகுக்கப் பேராசிரியர் அடார்க்கரை அமர்த்தியபோது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர். அந்த வேலையின் விளைவாக 1948இல் சட்டம் வந்தது. 15(4)இல் இருக்கும் அவர் கை இதிலும் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், சான்றிதழுக்கு முதலில் அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. எண் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களை, தொழிற்சாலையில் 10 பேர் இருந்தாலே பதிவு செய்ய வேண்டும். பீஸ் ரேட் என்றாலும், கான்ட்ராக்ட் ஆள் மூலம் வந்தாலும் சட்டம் ஒன்றுதான். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். அந்த 3.25ஐ மிச்சம் பிடிக்கத்தான் ஆளைப் பதிவேட்டில் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் ஏறாத செக்கிங் தொழிலாளியின் மகள் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. செண்பகம் துரைராஜன் விண்ணப்பிக்காமலேயே கேட்க முடிந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவிடம் இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டேன். பதினோரு வருடமாக மூன்று கம்பெனிகளில் வேலை. ஒன்றிலும் அட்டை கொடுக்கவில்லை. பிடித்தம் செய்தார்களா என்பதும் தெரியவில்லை. சம்பளக் கவரில் பென்சிலால் எழுதிய மொத்தத் தொகை மட்டும் இருந்தது. மகள் பக்கத்திலிருந்து கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, அவரும் அதே டேபிளில் வேலை செய்யும் நான்கு பெண்களும் சேர்ந்து மேனேஜரிடம் இ.எஸ்.ஐ. எண் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாராம். மகள் இப்போதைக்குப் பகலில் பிசிர் வெட்டப் போகிறாள், மாலையில் படிப்பகத்துக்கு வந்து விலங்கியல் படிக்கிறாள். நாளை மறுபடியும் சனிக்கிழமை.