ஒரு லீற்றர் பெற்றோல் காங்கேசன்துறைக்குப் போன கதை

கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கி, குழாய்வழியே பெரிய தாங்கிகளுக்குள் போய், பவுசரில் ஏறி, வவுனியாவும் கிளிநொச்சியும் ஆனையிறவும் தாண்டி வருகிற பெற்றோல், யாழ்ப்பாணம் சேரும்வரை வெறும் சுமை. அது சுமக்கத் தொடங்குவது கடைசி 18 கிலோமீற்றரில்தான்: கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை. எங்கள் ஆட்கள் கே.கே.எஸ். றோட் என்று சொல்லும் அந்த வீதியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் சுன்னாகம் சந்தி கண்ணில் பட்டதும் சாரதியின் கை கியரை டி-யிலிருந்து என்-னுக்குத் தள்ளிவிடும். கேட்டால், "நியூற்றல்ல விட்டா எண்ணெய் மிச்சம் அண்ணை" என்பார். ஓட்டுவது ஜப்பானில் செய்த ஓட்டோமற்றிக் கார். அந்தக் கைப்பழக்கமோ அதைவிட முப்பது நாற்பது வயது மூத்தது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்குப் பெற்றோல் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது. ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் அந்த மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான் என்பதால் தரம் குறைந்த எண்ணெயையும் ஒருவாறு பொறுத்துக்கொண்டன. இன்றைய எஞ்சின்கள் பொறுக்கமாட்டா. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் மூடியில் துளை போட்ட பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் சில துளி பீச்சி ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாளில் ஒரு லீற்றர் பெற்றோல் ஓடிய தூரத்தை யாரும் கிலோமீற்றரில் கணக்கிடவில்லை. எத்தனை ஸ்ராட் என்றுதான் கணக்கு. காங்கேசன்துறைக்கு அந்தக் கார்கள் போகவும் இல்லை. துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகி, சனம் இடம்பெயர்ந்து, வீதி பாதியில் அறுந்து கிடந்தது.

அந்தத் தலைமுறைக்கு நியூற்றல் மூடநம்பிக்கை அல்ல, சரியான கணக்கு. காபரேற்றருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. எஞ்சின் இழுக்கும் காற்றோடு எண்ணெயும் சேர்ந்து போகும், அவ்வளவுதான். கியரில் இருக்கும்போது காலை எடுத்தாலும், உருளும் சில்லு எஞ்சினை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றும். அத்தனை சுற்றுக்கும் சும்மா சுற்றும் வழியால் எண்ணெய் உறிஞ்சப்படும். நியூற்றலில் விட்டால் எழுநூறு சுற்றுக்கான எண்ணெயோடு முடிந்துவிடும். ஆகவே மிச்சம் உண்மைதான். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது இந்தப் பாடம். ஆனால் மகன் வாங்கிய காரில் காபரேற்றரே இல்லை.

இப்போது நமது லீற்றர் போகிற வழி வேறு. தாங்கிக்குள்ளிருக்கும் மின் பம்ப் அதைத் தள்ளுகிறது. இன்ஜெக்டர் கணினி சொன்ன அளவுக்கு மட்டும் வாயைத் திறக்கிறது. டி-யில் போகும்போது அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல்வதைக் கண்ட கணினி இன்ஜெக்டரை முழுக்க மூடிவிடும். சில்லுதான் எஞ்சினைச் சுழற்றும். எண்ணெய்ச் செலவு சுழியம். சுற்று ஆயிரத்தை அண்டும் அளவுக்கு இறங்கிய பிறகே மீண்டும் திறக்கும். என்-னுக்குத் தள்ளினால் சில்லுக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடுப்பு அறுந்துவிடும். அணையாமல் இருக்க எஞ்சின் எண்ணெய் குடித்தே ஆகவேண்டும்.

எவ்வளவு குடிக்கும்? சிறிய எஞ்சின் சும்மா நின்று சுற்ற மணிக்கு முக்கால் லீற்றர் அளவில் பிடிக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 200 மீற்றர் உருண்டால் 18 விநாடி. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 4 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நட்டமும் சிறிது, பிழையும் சிறிது என்று விட்டுவிடலாம். ஆனால் மிச்சம் என்று நினைத்துச் செய்கிற காரியத்தில் செலவு வருவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நியூற்றல் பக்கத்திலும் நியாயம் கொஞ்சம் உண்டு. எஞ்சின் பின்னிழுக்காததால் கார் இன்னும் தூரம் உருளும். நீண்ட, மெல்லிய சரிவில் அது வெல்லவும் கூடும். ஐரோப்பியக் கார்கள் சில இதைத் தாங்களே கணித்துக் கியரைக் கழற்றி உருளவிடுகின்றன. அது கணினி பார்த்துச் செய்வது. நம் வீதியில் அப்படிச் சரிவு எங்கே இருக்கிறது? சரிவு உள்ள இடம் கடுகண்ணாவையும் றம்பொடையும். அங்கே நியூற்றலில் இறங்கினால் முழுப் பாரமும் பிறேக்கின் தலையில். சூடேறினால் பிறேக் பிடிக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு உருள்வது அதைவிட மோசம். ஸ்ரேறிங் கனக்கும், பிறேக்குக்கான உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும், கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் தள்ளும் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடும்.

அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர் என்-னுக்குப் போடுவது வேடிக்கை. காலை எடுத்ததும் டி-யிலேயே அதன் எஞ்சின் பெரும்பாலும் நின்றுவிடும். உருளும் வேகம் பற்றரிக்குள் மின்சாரமாகப் போகும். என்-னில் அந்தச் சேமிப்பு நடக்காது. வந்துகொண்டிருக்கும் காசை வேண்டாம் என்று சொல்வதுதான் அது.

சாதாரண ஓட்டோமற்றிக்கில் என் உதவும் இடம் ஒன்று உண்டு: நிற்கும்போது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மறுபடி றெயில் வந்த பிறகு, கடவையில் காத்திருக்கும் நேரமும் கூடவே வந்தது. டி-யில் பிறேக்கை மிதித்தபடி நின்றால் எஞ்சின் காரைத் தள்ளப் பார்த்துக்கொண்டே இருக்கும். என்-னில் அந்தப் பாரம் குறையும். அதிக நேரமென்றால் எஞ்சினையே நிறுத்திவிடலாம்.

2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனபோது எல்லாரும் மறுபடி துளி எண்ணினார்கள். பழைய வித்தைகள் எல்லாம் திரும்பி வந்தன, நியூற்றல் உட்பட. அந்த நாள்களில் உண்மையில் உதவியிருக்கக்கூடியது ரயர்க் காற்றும், சந்தி தெரிந்ததுமே டி-யிலேயே காலை எடுப்பதும்தான்.

நமது லீற்றருக்கு வருவோம். சாதாரண ஓட்டோமற்றிக் கார் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடினால், அது மல்லாகத்துப் பக்கம் தீர்ந்துவிடும். காலை நேரத்தோடு எடுத்துப் பழகியவர் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் இழுத்துத் தெல்லிப்பழையை நெருங்கலாம். அதே லீற்றரோடு காங்கேசன்துறைத் துறைமுகம்வரை போக வேண்டுமென்றால் கியரை மாற்றிப் பயனில்லை, காரைத்தான் மாற்ற வேண்டும்.