அறையைப் பூட்டினால் போதும்: சோவியத் மின்னணு இசையின் வரலாறு

தணிக்கை என்றதும் நமக்குத் தடை உத்தரவும் சிறையும்தான் நினைவுக்கு வரும். ஒருவரிடமிருந்து கருவியை, இடத்தை, வேலையைப் பறிப்பதும் தணிக்கைதான். சோவியத் மின்னணு இசைக்கு நடந்தது இதுவே.

பொறியாளர் எவ்கெனி முர்சின் 1938இல் ஓர் ஒலிக்கருவியைத் திட்டமிட்டார். செய்து முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. கறுப்புப் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் இசையமைப்பாளர் கோடு கீற வேண்டும்; கீறல் வழியே புகும் ஒளி, ஒலியாக மாறும். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் பெயரின் முதலெழுத்துகளால் அதை 'ஏ.என்.எஸ்.' என்றார்கள்.

இதில் ஓர் அரசியல் உண்டு. அரங்கம், வானொலி, பதிப்பகம் எல்லாம் அரசின் கையில். இசையமைப்பாளர் சங்கத்தின் ஆதரவில்லாமல் ஒரு படைப்பு மேடையேறுவது கடினம். இந்தக் கருவிக்கோ இசைக்குழுவே வேண்டாம்; ஒருவர் தனியாக அமர்ந்து முழுப் படைப்பையும் ஒலிக்கச் செய்யலாம்.

1960களின் பிற்பகுதியில் மாஸ்கோவின் ஸ்க்ரியாபின் அருங்காட்சியகத்தில் இக்கருவியைக் கொண்டு ஓர் ஒலிக்கூடம் இயங்கியது. ஷ்னிட்கே, தெனிசோவ், சோஃபியா குபைதுலினா ஆகியோர் அங்கே இசையமைத்தனர். 1970இல் முர்சின் இறந்தார். சில ஆண்டுகளில் கூடமும் மூடப்பட்டது. ஆனால் 1972இல் வெளிவந்த தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்தில் அதே கருவியின் ஒலி இருக்கிறது. இசை எதுவார்த் அர்தேமியெவ். மேடையில் இடம் கிடைக்காத ஒலி, விண்வெளிக் கதைக்குப் பின்னணியாக வந்தால் அரசுக்குச் சிக்கலில்லை.

லெவ் தெர்மென் கதை இன்னும் கொடியது. தொடாமலே வாசிக்கும் 'தெரெமின்' கருவியைக் கண்டுபிடித்த அவரை 1939இல் கைது செய்து கோலிமா முகாமுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் வேலை செய்தார். 1967இல் அவரைப் பற்றி ஓர் அமெரிக்க நாளிதழ் எழுதியது. அதன்பின் வேலை போனது; கருவிகள் அழிக்கப்பட்டன.

1979இல் சங்கத் தலைவர் க்ரென்னிகோவ் ஏழு இசையமைப்பாளர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். குபைதுலினாவும் தெனிசோவும் அதில் இருந்தனர். அனுமதியின்றி மேலைநாட்டு விழாக்களில் அவர்கள் இசை ஒலித்ததே குற்றம்.

ஏ.என்.எஸ். மட்டும் தப்பியது. ஸ்தனிஸ்லாவ் கிரெய்ச்சி அதை மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பராமரித்தார். இன்று அது மாஸ்கோ இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோழர்களே, 'இது தடை செய்யப்பட்டதா?' என்று மட்டும் கேட்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். அறைச் சாவி யாரிடம், கருவி யாருக்குச் சொந்தம், சம்பளம் யார் தருகிறார்கள் என்றும் கேளுங்கள்.